தரச் சோதனையும் கரையோர மக்களும்

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பொழியூரை அடுத்துள்ளது தமிழ்நாட்டின் நீரோடி. நிலத்தில் மாநில எல்லை உண்டு, கடல் ஒன்றே. இறைச்சியாயினும் மீனாயினும், ஏற்றுமதியாகும்போது அயல்நாட்டாரின் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும்.

ஆலைகளில் கண்ட சுகாதாரக் குறைகளைக் காரணம் காட்டி, 1997 ஆகஸ்டில் இந்தியக் கடலுணவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. டிசம்பரில் அங்கீகாரம் பெற்ற ஆலைகளுக்கு மட்டும் வழி திறந்தது. ஆலைகளைச் செப்பனிடுவது உரிமையாளருக்கு மூலதனச் செலவு. இறால் உரிக்கும் பெண்களுக்கோ ஆலை மூடிய நாள் கூலியற்ற நாள்.

சோதனை என்பதே அநீதியன்று. தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலைக் கேரளமும் பாறசாலைச் சாவடியில் சோதிக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் 1995ஆம் ஆண்டுச் சுகாதார ஒப்பந்தமும் அவ்வுரிமையை ஏற்கிறது. ஆயின், தடைக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும். முறை வேறாயினும் பாதுகாப்பு சமமெனில் அதனை ஏற்றல் வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

இவ்விதிகளைக் கொண்டு இந்தியா வாதாடலாம். எனினும் வாதத்திற்கு வலிமை தருவன கரையில் கிடைக்கும் பனிக்கட்டி, நன்னீர், தூய இறங்குதளம் ஆகியவையே. இவை கடலோரச் சிற்றூர்கள் அனைத்தையும் எட்டினாலன்றி, தரத்தின் விலையை எளியோரே செலுத்த நேரிடும்.