சிங்க் செய்யும் தொழில்: முதல் செலவு தூசிக்கு
(கொட்டாரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



குழுவாகச் சேர்ந்து என்ன தொழில் செய்யலாம் என்று பேச்சு வந்தால் ஊறுகாய், அப்பளம், தையல் என்று அதோடு நின்றுவிடுகிறோம். இன்றைக்கு வேறொரு தொழிலைப் பற்றிப் பேசுவோம். புது வீடுகளின் அடுக்களையில் மேடையும் சிங்கும் ஒரே கல்லில் செதுக்கினது மாதிரி, இணைப்பே தெரியாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கல் அல்ல. சாலிட் சர்ஃபேஸ் என்கிற செயற்கைப் பலகை.

இதை 1967-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வேலை பார்த்த டொனால்ட் ஸ்லோகம் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். கோரியன் என்பது அந்தக் கம்பெனி வைத்த பெயர். இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின். மீதி இரண்டு பங்கு, பாக்சைட் தாதுவிலிருந்து எடுக்கும் அலுமினியம் ட்ரைஹைட்ரேட் என்ற வெள்ளைப் பொடி. மரத்தை அறுப்பது போல இதை அறுக்கலாம், துளைக்கலாம், இழைக்கலாம்.

சிங்க் எப்படிச் செய்கிறார்கள்? ஜாக்கெட் தைக்க அளவு எடுத்து வெட்டி மூட்டுகிறோம் அல்லவா, அதே முறைதான். முதலில் இடத்தை அளந்து அட்டையிலோ பிளைவுட்டிலோ அச்சு எடுக்கணும். பிறகு 12 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில் அடிப்பாகம் ஒன்று, பக்கங்கள் நான்கு என ஐந்து துண்டு வெட்டணும். அதே நிறத்துப் பசையை வைத்து ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கணும். பசை இறுகியதும் பிதுங்கி நிற்பதைச் சீவி, சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி நைசான உப்புத்தாள் வரை தேய்த்தால் இணைப்பு கண்ணுக்கே தெரியாது. உள்மூலையை வளைவாக எடுத்தால் அழுக்கு தங்காது. அடிப்பாகம் வடிகால் துளையைப் பார்த்து லேசாகச் சரியணும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். கடைசியில் துளையை அடைத்து, நிறைய தண்ணீர் விட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கொடுக்கணும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 அங்குல நீளம், 16 அங்குல அகலம், 8 அங்குல ஆழமுள்ள சிங்குக்கு அடிப்பாகம் 2 சதுர அடி, நான்கு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 3¾ சதுர அடி. மொத்தம் 6 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. 12 அடி நீளம், 2½ அடி அகலமுள்ள முழுப் பலகை 30 சதுர அடி. மேடை வெட்டின பிறகு மிஞ்சுகிற துண்டுகளிலேயே பல நேரம் ஒரு சிங்க் தேறிவிடும். லாபம் அந்த மிச்சத் துண்டில்தான் இருக்கிறது. துணியில் மிச்சம் பிடிக்கத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்குகிறவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கின சூடான சட்டியை அப்படியே வைக்கக்கூடாது.

சகோதரிகளே, இதுவரை சொன்னது வரவு. இனி சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். இந்தத் தொழிலில் வெட்டுவது கொஞ்ச நேரம், தேய்ப்பதுதான் அதிக நேரம். "பாலீஷ் போடுறது லேசான வேலை, பொம்பளைங்க செய்யலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். நைசான தூசி அதிகம் கிளம்புவது அந்த வேலையில்தான்.

அமெரிக்காவில் இந்தப் பலகையை 16 ஆண்டுகள் அறுத்துத் தேய்த்த ஒரு தொழிலாளிக்கு நுரையீரல் தழும்பாகி இறுகிவிட்டது. அவர் நுரையீரலில் அதே வெள்ளைப் பொடி இருந்ததை 2014-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஒருவருக்கு வந்ததால் எல்லோருக்கும் வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தூசியை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு அது போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து குவார்ட்ஸ் பலகை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போல இருக்கும். குவார்ட்ஸ் பலகையில் பெரும்பங்கு சிலிக்கா. அதன் தூசி சிலிக்கோசிஸ் என்ற, குணமாக்க முடியாத நுரையீரல் நோயைக் கொண்டுவரும். பல இளம் தொழிலாளிகள் பாதிக்கப்பட்டதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையைச் செய்யவும் விற்கவும் பொருத்தவும் தடை போட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. பக்கத்திலே மயிலாடியில் தலைமுறை தலைமுறையாகக் கல் செதுக்குகிறார்கள். கல்தூசி நமக்குப் புதிதல்ல. மிஷின் வந்த பிறகு தூசி இன்னும் நைசாக, இன்னும் அதிகமாக வருகிறது, அவ்வளவுதான்.

ஆகையால் இந்தத் தொழிலுக்குக் கடன் கேட்கும் குழு, திட்ட மதிப்பீட்டில் முதல் வரியாகத் தூசிச் செலவை எழுதணும். தூசியை அந்த இடத்திலேயே இழுக்கும் வேக்குவம், காற்றோட்டமான கொட்டகை, எல்லோருக்கும் என்-95 முகமூடி. முந்தானையோ துண்டோ கட்டினால் நைசான தூசி நிற்காது. முடிந்த வேலையைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கணும். பசையின் நெடி தலைசுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். அடுப்போ பீடியோ பக்கத்தில் கூடாது. பணம் போதாவிட்டால் மிஷினைக் குறைக்கலாம், தூசிச் செலவைக் குறைக்கக்கூடாது.

குழு இந்தத் தொழிலுக்குப் போகாவிட்டாலும் நம் வீட்டு ஆண்கள் போகலாம். உள்ளூரிலோ வளைகுடா நாட்டிலோ மேடை, சிங்க் வேலை செய்கிற கணவர், மகன், கொழுந்தன் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: எந்தப் பலகை வெட்டுறீங்க? தண்ணீர் விட்டு வெட்டுறீங்களா? முகமூடி தர்றாங்களா? வேலை உடுப்பை முற்றத்தில் உதறாதீர்கள். அந்தத் தூசி உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அப்படியே தண்ணீரில் முக்கி, தனியாகத் துவையுங்கள்.

வறட்டு இருமல் விடாமல் இருந்தாலோ, படி ஏறினால் மூச்சு வாங்கினாலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை டாக்டரிடம் நாமாகவே சொல்லணும். சிலிக்கோசிஸைக் காசநோய் என்று நினைத்துவிடுவதும் உண்டு.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எழுதி முடித்த பிறகு, யார் யார் வீட்டில் கல், பலகை வேலைக்குப் போகிறார்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலோடு கூட்டமைப்புக்கு வாருங்கள். முகமூடியை மொத்தமாக வாங்குவது பற்றி அங்கே சேர்ந்து முடிவு செய்வோம்.