தாழ்வாரத்தில் ஒரு கடல்



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற இடத்திலே இருப்பது எங்கள் திருமுக்கூடல். ஆற்று மணலிலே விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். அலையோசை கேட்டு வளர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் என் வீட்டுத் தாழ்வாரத்தில், நூறு லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடித் தொட்டியிலே, சிறிய கடல் ஒன்று சில ஆண்டுகளாக இருந்து வருகிறது. அதனிடம் நான் கற்றுக்கொண்ட சில செய்திகளை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் நீர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அடுக்களை உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவையும் உரிய அளவில் வேண்டும். இதற்கென்றே விற்கும் உப்புக் கலவையில் மூன்றரைக் கிலோவை நான் கரைத்தேன். எங்கள் பக்கத்துக் கோடையிலே தொட்டி நீர் விரைவில் வற்றும். வற்றுவது நீரே, உப்பு அங்கேயே தங்கிவிடும். பத்து லிட்டர் வற்றினால் லிட்டருக்கு 35 கிராம் என்பது 39 கிராம் ஆகிவிடுகிறது. அப்போது ஊற்ற வேண்டியது உப்பில்லாத நல்ல நீர். குறைந்ததை ஈடுசெய்ய உப்புநீரையே ஊற்றுபவர்கள் பலர் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், பிழை விளங்கும்.

நீர் ஆயத்தமான அன்றே மீனை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது, அது நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியங்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் மீன் ஓரளவு பிழைக்கும். இந்தப் பாக்டீரியங்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். அதுவரை வெறும் நீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பாக்டீரியங்களோடு வேறு சிலவும் என் தொட்டிக்கு வந்து சேர்ந்தன. கல்லூரி ஆய்வுக்கூடம் ஒன்றின் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் வாங்கி வந்திருந்தேன். ஒருநாள் இரவு கைவிளக்கோடு பார்த்தபோது, இருமருங்கும் மயிர் அடர்ந்த செந்நிறப் புழுக்கள் கல்லிடுக்குகளிலிருந்து நெளிந்து வந்தன. எனக்கு அருவருப்புத் தாளவில்லை. மூன்று இரவுகள் விழித்திருந்து, இடுக்கியால் பற்றி, அகப்பட்டவற்றையெல்லாம் அகற்றினேன். வெறுங்கையால் தொட்டபோது அவற்றின் மயிர் தைத்து விரல் கடுத்ததும் உண்டு. சில வாரங்களில் மணல் கறுத்தது. அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. இரண்டு மீன்களும் மாண்டன. புழுக்களை அகற்றியது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அளவுக்கு மீறி உணவிட்டதும் நானேதான். ஆனால் மீன் தின்னாமல் விட்டு, கல்லிடுக்கிலே விழுந்து அழுகும் உணவை உண்பவையும், மணலைக் கிளறிக் கொடுப்பவையும் அந்தப் புழுக்களே என்பதை அதன் பின்னரே படித்து அறிந்தேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றி அது கூறுகிறது. மருத்துவரோடு நிறுத்திக்கொள்ளாமல், மூலிகை கொணர்வோரையும், நோயாளரைப் பேணும் பெண்களையும், தண்ணீர் கொணர்பவரையும் அது கணக்கில் வைத்திருக்கிறது. சிறு வயது முதல் அந்தச் சுவரைப் பார்த்து வந்தவன், என் தொட்டியின் பணியாளர் யார் என்று எண்ணிப் பார்க்கத் தவறிவிட்டேன்!

விலங்கியல் மாணவர்கள் பலனோகிளாசஸ் என்ற பெயரை அறிவார்கள். பாம்பன் அருகேயுள்ள குருசடைத் தீவின் மணலில் அவ்வினத்தைச் சேர்ந்த உயிர்கள் வாழ்கின்றன. மணலை விழுங்கி, அதிலுள்ள உணவுப் பொருளை ஏற்றுக்கொண்டு, எஞ்சிய மணலைச் சுருள் சுருளாக வெளியேற்றும். பார்வைக்குப் புழு, ஆனால் தொண்டையிலோ மீனுக்கு இருப்பது போன்ற செவுள் துளைகள்! முதுகெலும்புள்ளவற்றுக்கு அது தூரத்து உறவு.

சென்னை மெரினாக் கடற்கரையில், எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான மீன்காட்சிச் சாலை 1909-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டுவிட்டது. அதற்குக் கடல் எதிரிலேயே இருந்தது. நமக்கோ ஒவ்வொரு குடம் கடல்நீரும் நாமே ஆக்கிக்கொள்வது.

இனி மீன்கள். கோமாளி மீனை வளர்ப்பது அவ்வளவு கடினமன்று. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். என்னிடம் இப்போது இருப்பவை அவ்வாறு தொட்டியில் பிறந்த இரண்டு. கடற்சாமந்தி இல்லாமலே நலமாக இருக்கின்றன. வண்ணத்துப்பூச்சி மீன் அப்படியன்று. அதில் சில இனங்கள் உயிருள்ள பவளப்பூச்சிகளை மட்டுமே கொறித்து உண்பவை. உலர்ந்த தீனியைத் தூவினால் அருகே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நாளுக்கு நாள் மெலிந்து, அழகு குன்றாமலே பட்டினியால் சாகும். கடற்குதிரைக்கு இரைப்பையே இல்லை. ஆகையால் சின்னஞ்சிறு உயிருணவை அடிக்கடி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் அழகாக இருக்கிறதே என்று இவற்றை வாங்குவது, வேளைக்குச் சோறிட வழியில்லாதவன் விருந்தினரை அழைப்பது போன்றது. கடற்குதிரைகளும் பாறையமைக்கும் பவளங்களும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றம்.

பவளத்தின் உடலுக்குள்ளே நுண்பாசிகள் வாழ்ந்து அதற்கு உணவு ஆக்கித் தருகின்றன. நீர் மிகவும் வெப்பமுற்றால் பவளம் அவற்றை இழந்து வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவிலே 2010-இலும் 2016-இலும் இவ்வாறு நேர்ந்தது. என் தொட்டி சூடேறினால் விசிறியை வைத்து ஓரிரு பாகை தணித்துவிடுவேன். அங்கே இருபத்தொரு தீவுகளைச் சூழ்ந்த நீருக்கு யார் விசிறி வைப்பது?

புழுக்கள் மறுபடி வந்துவிட்டன. நான் விட்டுவைத்த முட்டைகளோ, இடுக்கிக்குத் தப்பிய ஒன்றிரண்டோ, தெரியவில்லை. எங்கள் பக்கம் வந்தால் இரவிலே வாருங்கள். கைவிளக்குக்குச் சிவப்புத் தாள் சுற்றி வைத்திருக்கிறேன்; அந்த வெளிச்சத்துக்கு அவை அவ்வளவாக அஞ்சி ஒளிவதில்லை.