ரங்கூனில் கேட்காத கேள்வி



2024 டிசம்பரில் ஒரு வாரம் ரங்கூனில் இருந்தேன். யாங்கோன் என்பதுதான் இப்போதைய பெயர். அங்குள்ள தமிழர்கள் இன்னும் ரங்கூன் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

போகலாமா, வேண்டாமா என்று பல நாள் மனசு அல்லாடியது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து மியன்மாரின் பல மாநிலங்களில் சண்டை ஓயவில்லை. சிறுபான்மை இனத்தவரான கரேன் மக்கள் ஆயுதம் எடுத்ததோ 1949-லேயே. 1996-ஐ அன்றைய ராணுவ அரசு சுற்றுலா ஆண்டாக்கியபோது, வெளிநாட்டார் இப்போது வர வேண்டாம் என்று ஜனநாயகப் போராட்டத் தலைவர் ஆங் சான் சூச்சி கேட்டுக்கொண்டார். நாம் கட்டுகிற பணம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்ற கவலை அது. ஒருவருமே போகாவிட்டால் வழிகாட்டி வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்ற கவலையும் எனக்கு இருந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் விமானம் ஏறினேன்.

முதல் நாள் விடியற்காலையில் ஷ்வேடகோன் பகோடா. குன்றின் மேல் சுமார் 99 மீட்டர் உயரத்துக்குப் பொன்னாக எழுந்து நிற்கிறது. செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். பளிங்குத் தரை உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. கன்னத்தில் தனகா மரக்கட்டையை அரைத்துப் பூசிய பெண்கள், கைலி கட்டிய ஆண்கள், மணியோசை, ஊதுவத்தி மணம். நான் வாயடைத்து நின்றேன். அந்த அழகை உங்களிடம் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

பகோடாவைச் சுற்றி எட்டுத் திசையிலும் கிழமைக்கு ஒரு சந்நிதி. ஏழு கிழமைக்கு எட்டு எப்படி என்கிறீர்களா? புதன்கிழமையை இரண்டாக்கி, பிற்பகலை ராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ராகுகாலம் பார்க்கிற நமக்கு இது எவ்வளவு பக்கம்! கிழக்கே திங்களுக்குப் புலி, தென்கிழக்கே செவ்வாய்க்குச் சிங்கம், தென்மேற்கே சனிக்கு நாகம். பிறந்த கிழமையின் சந்நிதியில் புத்தர் சிலைக்கு நீர் ஊற்ற வேண்டும். வயதோடு ஒன்று கூட்டி, அத்தனை கிண்ணம் ஊற்றுவது பலருக்கு வழக்கம்.

செவ்வாய்ச் சந்நிதியில் ஒரு அம்மா ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதாவது இருக்கும். சும்மா நின்ற நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கினேன். இருபத்திரண்டாவது கிண்ணத்தோடு நிறுத்திவிட்டார். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிலையின் ஈரத் தோளை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்.

2024 பிப்ரவரியில் அந்த நாட்டில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களில் 18 முதல் 35 வயது வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. பிடிபடாமல் தாய்லாந்துக்குப் போன பிள்ளைகள் உண்டு, காட்டுக்குள் எதிரணியில் சேர்ந்தவர்கள் உண்டு, சீருடை மாட்டப்பட்டவர்கள் உண்டு. இருபத்திரண்டு கிண்ணம் என்றால், அந்த அம்மா இருபத்தொரு வயதுப் பிள்ளைக்காகத்தான் ஊற்றியிருப்பார். அந்தப் பிள்ளை எங்கே? என்னோடு வந்த வழிகாட்டிக்கு மொழி தெரியும், கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் சொல்லி அவருக்கு ஏதாவது நேர்ந்தால், ஊர் திரும்பிவிடப் போகிற நான் என்ன செய்ய முடியும்?

பிறகு எங்கே போனாலும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. டீக்கடையில் முழங்கால் உயர முக்காலியில் உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டேன். மீன் குழம்பில் மிதக்கும் அரிசி நூடுல்ஸ், அத்தனை ருசி. பக்கத்து மேஜையில் ஒருவர் குரலைத் தாழ்த்தினார், உடனே என் கைக்கரண்டியும் நின்றது. இரவு எட்டு மணிக்கு ஜன்னலருகே நின்றேன். 2021-இல் இதே நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு பாத்திரங்களைத் தட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். பேய் விரட்ட அவர்கள் வழக்கமாகச் செய்வது அது. நான் நின்றபோது கேட்டது ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.

கடைசி நாள் காளி கோயிலுக்குப் போனேன். 1871-இல் தமிழர் கட்டியது. கோபுரத்தின் வண்ணத்தைப் பார்த்தால் நம் ஊர்த் தெருவில் நிற்பது போலிருக்கும். பிராகாரத்தில் ஒரு பெரியவர், “தம்பி, எந்த ஊரு?” என்றார். அவருடைய தாத்தா திருவாடானைப் பக்கத்திலிருந்து கப்பலேறியவராம். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, 1942-இல் நம்மவர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு நடந்தார்கள். இவர் குடும்பம் போகவில்லை. 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கியதால் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறியபோதும் போகவில்லை.

“இப்போ எப்படி இருக்கீங்க ஐயா?” அந்த வாரம் முழுக்க எனக்குள் கிடந்த கேள்வி, எப்படியோ வாயில் வந்துவிட்டது.

அவர் சுற்றும் பார்த்தார். “அங்க மழை உண்டா? கண்மாய் நெறஞ்சிருச்சா?” என்றார். அந்தக் கண்மாயை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. விடைபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா இருக்கோம்னு சொல்லுங்க தம்பி” என்றார்.

யாரிடம் சொல்வது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, பங்காளிகள் யாரும் மிச்சமில்லையாம். அதனால் இங்கே சொல்கிறேன். திருவாடானைப் பக்கத்து நேயர்களே, ரங்கூன் காளி கோயிலில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கண்மாய் நிறைந்ததா என்று விசாரித்தார். நல்லா இருக்கோம் என்று சொல்லச் சொன்னார்.