செய்தி சேர்ந்ததா?

(சின்னாளப்பட்டியில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அரசின் திட்டம் ஒன்று ஊருக்கு வந்தால் அதனை மக்களுக்கு அறிவிப்பது ஊராட்சியின் கடமை. அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். ஒலிபெருக்கி கட்டிய வண்டியைத் தெருத் தெருவாக அனுப்புகிறோம். இந்நாளில் கைப்பேசியிலும் செய்தி விடுக்கிறோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்று எண்ணி அமைந்துவிடுகிறோம். பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்த பின்னர் உழவர் ஒருவர் வந்து, “எனக்குத் தெரியாமல் போயிற்றே, ஐயா” என்று நிற்கும்போதுதான் உண்மை விளங்குகிறது. செய்தி புறப்பட்டது, ஆனால் போய்ச் சேரவில்லை. பயிர் பொய்த்தால் அவருக்கு நேரும் இழப்பு ஒரு போகத்து உழைப்பு முழுவதும்.

ஆகவே, செய்தியைச் சொல்வது பாதி வேலை. அது சேர்ந்ததா என்று கேட்டறிவது மறுபாதி. இவ்வாறு கேட்டறிவதையே தகவல் தொடர்பு ஆய்வு என்பர். இது கற்றறிந்த பேராசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று. முறை தெரிந்தால் ஊராரே செய்யலாம். அம்முறையையும், அதற்குரிய நெறியையும் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இவ்வட்டாரத்து மக்களுக்கு ஆய்வு புதிதன்று. உங்கள் ஊரை அடுத்த காந்திகிராமம் 1947-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்குக் கிராமியக் கல்வி நிலையம் 1956-இல் தோன்றி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கிராம சுகாதாரத்திற்கும் குடும்ப நலத்திற்குமான நிறுவனம் 1964-இல் அமைந்தது. ஆத்தூர் வட்டாரமே அதன் ஆய்வுக் களமாயிற்று. ஆதலால், கையில் தாளும் எழுதுகோலும் கொண்டு வாயிலில் வந்து நிற்பவரை இங்குள்ள குடும்பங்கள் பல தலைமுறையாக அறியும். கேட்கப்படுவது எத்தகைய அனுபவம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. இனி நீங்கள் கேட்பவராக நிற்கும்போது அவ்வனுபவம் உங்களுக்குத் துணையாகும்.

நம் நாட்டில் இத்துறையில் நடந்த ஒரு பெருமுயற்சியைக் கூறுகிறேன். 1956-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் உதவியுடன், பூனாவைச் சூழ்ந்த மராத்தி மாவட்டங்கள் ஐந்தில் சுமார் 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்களை நிறுவியது. உறுப்பினர்கள் ஒன்றுகூடி அரை மணி நேர ஒலிபரப்பைக் கேட்பர். பின்னர் அதனைப் பற்றித் தமக்குள் விவாதிப்பர். இவ்வாறு இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. பயன் விளைந்ததா என்று ஆராயும் பொறுப்பு டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆய்வாளர்கள் ஒலிபரப்புக்கு முன்பும் ஒரு முறை கேட்டனர். பின்பும் ஒரு முறை கேட்டனர். மன்றம் உள்ள ஊர்களில் மட்டுமன்றி, மன்றம் இல்லாத ஊர்களிலும் கேட்டனர். மன்றம் இருந்த ஊர்களில் அறிவு மிகுதியாக வளர்ந்திருந்ததை அந்த ஒப்பீடு காட்டிற்று. அதன் பயனாக 1959-இல் உழவர் மன்றங்கள் நாடு முழுவதும் பரப்பப்பட்டன.

முன்னும் பின்னும் கேட்டது ஏன்? முன்பே அறிந்திருந்ததை நாம் கற்பித்ததாகக் கணக்கிடாமல் இருப்பதற்காக. மன்றம் இல்லாத ஊரையும் பார்த்தது ஏன்? வேறு காரணத்தால் வந்த மாற்றத்தை நம் முயற்சியால் வந்ததாக மயங்காமல் இருப்பதற்காக. ஆய்வு முறையின் அடிப்படை இவ்விரண்டிலும் அடங்கியுள்ளது.

தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1966-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருச்சி வானொலி, ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைப் பற்றித் தஞ்சை உழவர்களுக்கு விளக்கியது. உழவர்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். செய்தி எவ்வழியே வந்தது என்பதற்கு அப்பெயரே சான்று. ஆயினும், வானொலிப் பெட்டி இல்லாத குத்தகைதாரருக்கும் அச்செய்தி அதே காலத்தில் எட்டியதா என்பதை அப்பெயர் கூறாது. அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

யாரைக் கேட்பது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. சோறு ஒரே கொதியில் வெந்தது, ஊர் அவ்வாறன்று. தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் நால்வரைக் கேட்டுவிட்டு, ஊர் முழுவதும் அறிந்துள்ளது என்று எழுதினால் அது பொய்யாக முடியும். கூலி வேலைக்குச் சென்ற பெண்ணும், தறி ஓசையில் ஒலிபெருக்கியின் குரல் கேளாத நெசவாளரும், ஊர்க்கோடியில் வாழ்பவரும் அந்த நால்வருள் இல்லை. எளிய வழி ஒன்று உண்டு. ஓர் ஊரில் 400 வீடுகள் இருப்பின், தெரு வரிசைப்படி எண் இடுங்கள். ஒன்று முதல் பத்து வரை சீட்டெழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். ஏழு வந்தால், 7, 17, 27 என்று பத்துக்கு ஒரு வீடாக 40 வீடுகளுக்குச் செல்லுங்கள். வீடு பூட்டியிருந்தால் மாலையில் மறுபடியும் செல்லுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பிவிடாதீர்கள்.

எவ்வாறு கேட்பது? “அறிவிப்பு வந்ததல்லவா?” என்று கேட்டால், மரியாதைக்காகவேனும் “வந்தது” என்பார்கள். “காப்பீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டீர்களா? யார் சொன்னார்கள்? கடைசி நாள் எது?” என்று தனித்தனியே கேட்டால் உண்மை வெளிப்படும். கேள்விப்படுவது ஒன்று, விளங்கிக்கொள்வது ஒன்று, செயற்படுத்துவது மற்றொன்று. மூன்றையும் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். குடிநீர் விநியோகம் பற்றி ஊராட்சித் தலைவரின் உறவினரே கேட்டால் குறை வெளிவராது. அடுத்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் கேட்கட்டும். கணவர் முன்னிலையில் மனைவியின் கருத்து முழுமையாக வருவதும் அரிது. பெண்களைப் பெண்களே கேட்பது நலம்.

இனி நெறியைப் பற்றி. முறை பிழைத்தால் கணக்குக் கெடும். நெறி பிழைத்தால் மனிதர் கெடுவர். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறையினர், சுமார் 600 கருப்பினத்து ஏழை ஆண்களை மேகநோய் ஆய்வில் வைத்திருந்தனர். நோயின் உண்மையை அவர்களுக்குச் சொல்லவில்லை. பெனிசிலின் கிடைத்த பின்னரும் அளிக்கவில்லை. இக்கொடுமை வெளிப்பட்ட பின் அமைந்த ஆணையம், 1979-இல் மூன்று நெறிகளை உலகுக்கு வகுத்துரைத்தது. மனிதரை மதித்து அவர் இசைவு பெறுதல், தீங்கிழைக்காது நன்மை நாடுதல், சுமையையும் பயனையும் நீதியுடன் பகிர்தல் என்பன அவை.

நம் ஊருக்கு அவற்றை இவ்வாறு சொல்லலாம். முதலாவது, நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே கூறுங்கள். மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள், மறுத்ததற்காக அவருக்குரிய உதவி எதுவும் குறையலாகாது. “விவரம் கொடுத்தால் வீடு கிடைக்கும்” என்று பொய் நம்பிக்கை ஊட்டாதீர்கள். இரண்டாவது, கேட்டதைக் காத்திடுங்கள். ஒருவருடைய கடன் நிலை தெருவில் பேசப்பட்டால் அவர் மானம் போய்விடும். 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், தனி மனிதர் தந்த விவரத்தைப் பிறர் பார்வையிட உரிமை அளிக்கவில்லை. அரசே ஏற்ற அக்கட்டுப்பாடு நமக்கும் பொருந்தும். பெயருக்குப் பதிலாக எண்ணை எழுதுங்கள். தேவையற்ற ஆதார் எண்ணையும் புகைப்படத்தையும் வாங்காதீர்கள். மூன்றாவது, கிடைத்த விடையை உள்ளவாறே எழுதுங்கள். நமக்குப் பாதகமான விடையை நீக்குவது, எடைக்கல்லைக் குறைப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது கடமையே பெரிதும் மறக்கப்படுகிறது. கேட்டவர் திரும்பி வந்து, கண்டதைச் சொல்ல வேண்டும். நேரத்தையும் மனத்தில் உள்ளதையும் கொடுத்தவர்களுக்கு முடிவை அறியும் உரிமை உண்டு. அவ்வுரிமை மறுக்கப்பட்டால், அடுத்த முறை கேட்க வருபவருக்குக் கதவு திறக்கும், மனம் திறக்காது.

அன்பர்களே! அடுத்த கிராம சபைக்கு முன்னதாக, ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோர் ஓய்வூதியமாயினும், பயிர்க் காப்பீடாயினும் சரி. 40 வீடுகளில் ஐந்து கேள்விகள் கேளுங்கள். எத்தனை வீடுகளுக்குச் செய்தி எட்டவில்லை, எந்தத் தெருவில் எட்டவில்லை என்பதைப் பெயர் குறிக்காமல் சபையில் படித்துக் காட்டுங்கள். எட்டாத தெருவுக்கு வேறு வழி காணும் பொறுப்பைச் சபையே ஏற்கட்டும். பின்னர் மறுபடியும் சென்று கேளுங்கள். வேலைக்கு இரண்டு நாட்கள் பிடிக்கும். தாளும் எழுதுகோலுமே செலவு. கடைசி நாள் தெரியாமல் விண்ணப்பம் தவறிய ஒரு குடும்பத்தையேனும் அது காக்குமாயின், அவ்விரண்டு நாட்களும் ஊருக்குப் பயன்பட்ட நாட்களாகும்.