கொழுந்து பறித்த கையும் தேத்தண்ணிக் கிளாசும்

(திருவிழாக் கமிட்டிக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



திருவிழாவைப் பற்றிப் பேசத்தான் எங்களைக் கூப்பிட்டீர்கள். பேசுவோம். அதற்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல விடுங்கள்.

யாழ்ப்பாணம் டவுனுக்குப் பக்கத்தில் கொக்குவில் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே இந்துக் கல்லூரியில் 1949 முதல் 1960 வரை அதிபராக இருந்தவர் ஹண்டி பேரின்பநாயகம். பிறந்தது கிறிஸ்தவக் குடும்பத்தில். அவரை ஒரு இந்துக் கல்லூரிக்கு அதிபராக வைத்தார்கள் என்றால், அந்த மனுசனுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் பாருங்கள். 1924இல் இவரும் கூட்டாளிகளும் சேர்ந்து தொடங்கியதுதான் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்கள்தான். அந்தப் பயணத்தில் காந்தி நம்ம மலைநாட்டுக்கும் வந்து போனார்.

அந்த வாலிபர்கள் சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். இன்றைக்கு இது பெரிசாகத் தெரியாது. அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வாங்கு கிடையாது, தரைதான். எல்லாப் பிள்ளைக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டளவில் உத்தரவு வந்தபோது, சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். ஒரு பிள்ளை வாங்கில் இருந்ததற்குப் பள்ளிக்கூடத்தையே கொளுத்துவதா!

பொது இடத்தில் சாதி சொல்லித் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. தேத்தண்ணிக் கடையிலோ அந்தச் சனங்கள் வெளியில்தான் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் கிளாஸ், இவருக்குப் போத்தல், இல்லாவிட்டால் தகர டின். அந்தத் தேயிலை எங்கேயிருந்து போனது? மழையிலும் அட்டைக்கடியிலும் நம்ம பெண்கள் பறித்த கொழுந்துதானே! பறித்த கை எந்தச் சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை, குடிக்கிற வாயைத்தான் கேட்டார்கள்.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. தொடக்கத்திலேயே பொலிசார் அடித்தார்கள். அடி வாங்கியும் கலையாமல் முற்றவெளி வரைக்கும் போய்க் கூட்டம் நடத்தினார்கள். பிறகு சங்கானை, சாவகச்சேரி பக்கத்தில் தேத்தண்ணிக் கடைகளுக்குள் போய் உட்கார்ந்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் காத்துக் கிடந்தார்கள். உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. பல கோயில்களும் கடைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

யாழ்ப்பாணத்தாரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கலவரங்களுக்குப் பயந்து வன்னிக்குப் போன நம்ம ஆட்களை 'தோட்டக்காட்டான்' என்று சொன்னவர்கள் உண்டுதான், அது நமக்கும் வலிக்கிறது. ஆனால் வலி தெரிந்த நாம் என்ன செய்கிறோம்?

1948இல் நம்ம பிரஜாவுரிமையைப் பறித்தபோது மேல் லயம், கீழ் லயம் என்று பார்த்தா பறித்தார்கள்? எல்லாரையும் ஒன்றாகத்தான் நாடற்றவர் ஆக்கினார்கள். 2003இல் மிச்சம் இருந்தவர்களுக்கும் சட்டம் வந்து பிரஜாவுரிமை கிடைத்தது, அதுவும் எல்லாருக்கும் ஒன்றாகத்தான். நம்ம கோயிலில் மட்டும் ஏன் இரண்டு விதம்?

திருவிழாச் சந்தா எல்லார் சம்பளத்திலும் ஒரே அளவாகத்தான் பிடிபடுகிறது. கடைசி லயத்து ஆட்களுக்குக் குறைத்தா பிடிக்கிறோம்? இல்லை. ஆனால் கரகம் எடுக்கிற முறை மட்டும் அந்த லயத்துக்குப் போனதே கிடையாது. போன வருஷம் அந்த லயத்து ஆயா ஒருவர் கொண்டுவந்த தேங்காய்ப் பழத் தட்டைக் கடைசியில் வைக்கச் சொன்னார்கள். நாங்களும் அங்கேதான் நின்றோம். திருவிழா நேரத்தில் சண்டை வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டோம். அந்த ஆயா அர்ச்சனைக்கு நிற்காமல் தட்டோடு வீட்டுக்குப் போய்விட்டார். கோயிலில் சண்டை வரவில்லைதான். அதைச் சமாதானம் என்று சொல்ல எங்களுக்கு இன்றைக்கு வாய் வரவில்லை.

அதனால் கமிட்டியிடம் கேட்கிறோம். இந்த வருஷம் கரகத்துக்குச் சீட்டுக் குலுக்குவோம், எல்லா லயத்துப் பெயரும் அதில் இருக்கட்டும். தட்டு வந்த வரிசையிலேயே அர்ச்சனை நடக்கட்டும். வயசானவர்கள் கோபப்படலாம், அவர்கள் வீட்டுக்கு நாங்களே வந்து பேசுகிறோம். அந்த ஆயா வீட்டுக்கு நேற்றே போய் மன்னிப்புக் கேட்டோம். 'வருகிறேன்' என்று இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெயர் எழுதும்போது கமிட்டித் தலைவரும் ஒரு எட்டு வந்தால் நல்லது.