யார் கையில் பணம்?



ஆயுள் முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு உழைத்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. வீட்டுக்குள் எடுக்கப்படும் முடிவுகளில் அரசின் பணம் எவ்வளவு தூரம் நுழையலாம் என்பதை இன்று பேச எடுத்துக்கொண்டேன். எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளை, குடிப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் உதவித்தொகை கொடுத்தும் வரி போட்டும் மாற்றப் பார்க்கிறார்கள். அது சரியா?

நம் தூத்துக்குடிக் கரைக்கு இந்தக் கேள்வி பழையது. 1542-இல் இங்கு வந்த கிறித்தவப் போதகர் சவேரியார், போர்த்துகீசிய அரசியின் மிதியடிச் செலவுக்கென்று முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை (பணம் என்பது அந்நாளைய காசு) உபதேசியார்களின் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கினார். அது நல்ல காரியம். அதே சவேரியார் 1544-இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், சாராயம் குடிக்கும் பெண்களுக்குத் தண்டமும் மூன்று நாள் சிறையும் விதிக்கச் சொல்கிறார். பிடித்துக் கொடுக்கும் காவலனுக்கு ஆளுக்கு ஒரு பணம். யோசித்துப் பாருங்கள்: ஊரில் குடி அடியோடு நின்றுபோனால் அந்தக் காவலனின் வரும்படியும் நின்றுபோகும். நோக்கம் எவ்வளவு தூயதாக இருந்தாலும், தப்பு நடந்தால்தான் காசு என்று ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டால், தப்பு நடப்பதில் அவனுக்கு அக்கறை வந்துவிடும்.

இன்று அந்தக் காவலன் இடத்தில் நம் மாநில அரசே உட்கார்ந்திருக்கிறது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தபோது, போகும் கலால் வருமானத்துக்கு ஈடு தேடியாக வேண்டியிருந்தது. 1939-இல் விற்பனை வரி வந்தது. அதாவது, குடியை நிறுத்துவதற்காக வேறு வரி போட்டார்கள். விற்பனை வரி அப்படியே நிலைத்துவிட்டது, மதுவிலக்குதான் போய்விட்டது. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003-இல் சில்லறைக் கடைகளையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2024-25-இல் மது வழியாக அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். விலையை ஏற்றினால் குடி குறையும் என்று சொல்கிறார்கள். குறைய வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிற அரசு, அந்த வருமானம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் என்று கணக்குப் போட்டு, மாற்று வழியையும் சேர்த்தே வைத்திருக்கும். அப்படி ஒரு வரவுசெலவுத் திட்டம் என் கண்ணில் படவில்லை. குடிநோயாளியாகிவிட்டவர் விலை ஏறினால் பாட்டிலை எளிதில் குறைப்பதில்லை. வீட்டுக்குக் கொடுப்பதைக் குறைக்கிறார். உப்பளத்துப் பாத்தியில் இறங்கி உப்பு வாரிய கூலியில் முதலில் குறைவது பிள்ளையின் பால்தான். ஆகவே இது ஆளைத் திருத்தும் வரி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பிள்ளைப்பேறு விஷயத்தில் நம் வரலாறு இன்னும் கசப்பானது. 1950-களின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது சென்னை மாநிலம். ஆள் பிடித்து வருபவருக்கும் காசு உண்டு. அன்றைக்கு 30 ரூபாய், வசதி உள்ளவனுக்குச் சின்னத் தொகை; பட்டினி கிடப்பவனுக்கு மறுக்க முடியாத தொகை. மறுக்க முடியாத இடத்தில் நின்று ஒருவன் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. 1992-இல் வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்தது. அதிலும் உதவி பெற, பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும், ஆண் குழந்தை இருக்கக் கூடாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவியை எடுத்துக்கொள்வோம். 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது, இன்று 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக வளர்ந்திருக்கிறது. கர்ப்பத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்ற நிபந்தனைகள் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லவை. ஆனால் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்ற நிபந்தனை யாருக்கு நல்லது? மூன்றாவதாகச் சூல் கொண்டவளுக்கு ரத்தசோகை வராதா? தண்டனை போய்ச் சேருவது வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.8. நாம் நிறுத்த நினைத்தது நின்று பல காலம் ஆகிறது. 2024-இல் தென்மாநில முதலமைச்சர்களே பிள்ளைகள் அதிகம் வேண்டும் என்று மேடையில் பேசினார்கள். அரசின் தேவை முப்பது வருஷத்தில் தலைகீழாக மாறும். பெற்றவள் வாழ்க்கை அதற்கேற்ப மாறிக்கொண்டிருக்க முடியாது.

அப்படியானால் அரசு ஒதுங்கியே நிற்க வேண்டுமா? அப்படிச் சொல்ல நம் மாவட்டத்தில் நின்றுகொண்டு யாருக்கும் மனம் வராது. 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை வீட்டில் இருந்தது, சோறு இல்லை. அந்தத் தடையை எடுத்தார்கள். பிள்ளைகள் தாமாக வந்தார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. மீன்பிடித் தடைக்காலத்தையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்றால், பொதுநன்மைக்காகத் தொழிலை நிறுத்துகிறவருக்கு ஈடு தர வேண்டியது கடமை. குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறார்கள். நாளைக்கு 131 ரூபாய் கணக்கு, போதாது.

கடைசியாக, எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த மாற்றம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் வந்த திருமண உதவி, எட்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய் தந்தது. பிறகு பத்தாம் வகுப்பு, பட்டம், தாலிக்குத் தங்கம் என்று வளர்ந்தது. 2016-இல் தங்கம் 8 கிராம் ஆனது. பெண்களைப் பள்ளியில் நிறுத்திவைத்ததில் அதற்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மதிப்பெண் சான்றிதழோடு கல்யாணப் பத்திரிகையையும் இணைக்க வேண்டும், முகூர்த்தத்துக்கு 40 நாள் முன்பே கொடுக்க வேண்டும். படித்தது அவள், பணம் வந்ததோ அவளைக் கட்டிக்கொடுக்கும் நாளுக்கு. கல்யாணம் வேண்டாம், மேலே படிக்கிறேன் என்றால் அந்தப் பத்திரிகை இல்லை, பணமும் இல்லை.

2022 செப்டம்பர் 5 அன்று அதே அம்மையார் பெயரில் அது புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வியில் சேர்ந்தவளுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது விரிந்தபோது, தொடக்க விழா 2024 டிசம்பர் 30 அன்று இதே தூத்துக்குடியில், காமராஜ் கல்லூரியில் நடந்தது. பிளஸ் டூவோடு நிறுத்திக்கொண்டு மீன் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்ணுக்குத் திருமண உதவியும் இல்லை, இந்தப் பணமும் இல்லை என்பது உண்மையான குறை. அவளுக்கும் ஒரு வழி செய்தாக வேண்டும்.

அரசுப் பணம் எந்தத் திட்டத்தில் வந்தாலும் இரண்டைக் கேளுங்கள்: பணம் யார் கையில் விழுகிறது? வேறு முடிவு எடுத்தவர் என்ன ஆகிறார்? மூன்றாவது பிரசவத்துக்கும் மகப்பேறு உதவி வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். கல்லூரிக்குப் போகும் மகள் உள்ள பெற்றோரிடம் எனக்கு வேறொரு விண்ணப்பமும் உண்டு. மாதம் வருகிற அந்த ஆயிரத்துக்கான ஏ.டி.எம். அட்டையை அவளிடமே விட்டுவையுங்கள். எதற்குச் செலவழித்தாய் என்று கணக்குக் கேட்காதீர்கள்.