சாம்பல் நிறத்துக்கு எத்தனை சொட்டு?

(நன்னிலத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த ஒரு விண்கலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. உங்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலவில் தரையிறங்கியது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள், "விக்ரம் பக்கத்துல எங்க கற்பனைக் கலம் ஒண்ணும் இறங்கட்டும் டீச்சர்" என்றார்கள். அட்டை, தெர்மாகோல், குழாய்த் துண்டுகளை வைத்து இரண்டே நாளில் கலம் தயாராகிவிட்டது. வண்ணம் தீட்டத்தான் ஒரு வாரம் பிடித்தது.

முதலில் பொன்னிறம். "விக்ரமுக்குத் தங்கமா பூசியிருக்காங்க?" என்று கேட்டார்கள். தங்கம் அல்ல. தேன் நிறமுள்ள பாலிமைடு என்ற மெல்லிய படலம், அதன் பின்புறத்தில் அலுமினியப் பூச்சு. வெப்பத்திலிருந்தும் குளிரிலிருந்தும் கலத்தைக் காக்கும் போர்வை அது. அலுமினியத்தில் பட்டுத் திரும்பும் ஒளி தேன் நிறப் படலத்தின் வழியே வருவதால் பொன்னாகத் தெரிகிறது. பிள்ளைகள் பிஸ்கட் உறையின் வெள்ளி உட்புறத்தில் மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டினார்கள். பெயின்ட் இல்லாமலே பொன்னிறம் கிடைத்தது.

அடுத்து நிலவின் தரை. வானத்தில் வெள்ளையாகத் தெரிந்தாலும், தன்மேல் படும் ஒளியில் ஏறக்குறைய 12 விழுக்காட்டைத்தான் நிலவு திருப்பி அனுப்புகிறது. தரை நல்ல சாம்பல் நிறம். தரையிறங்கும் சோதனைக்காக இஸ்ரோ, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்து நிலவு மண் போலப் பயன்படுத்தியதைச் சொன்னேன். "நம்ம வயல்ல காய்ஞ்ச வண்டல் மாதிரி இருக்குமா?" என்றாள் ஒரு சிறுமி.

வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் சாம்பல் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வந்ததோ நீலம் ஓடிய சாம்பல். ஒரு சொட்டுப் பழுப்பு சேர்த்த பிறகுதான் படத்தோடு ஒத்துப்போனது. கலந்து கலந்து பிள்ளைகளே மூன்று விதிகளைக் கண்டுபிடித்தார்கள். வெளிர் நிறத்தில்தான் அடர் நிறத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் டப்பா டப்பாவாக வெள்ளை வீணாகும். அட்டையில் தடவிக் காய்ந்த பின்பே ஒப்பிட வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூன்றாவதை நமக்கு ஜவுளிக்கடை ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்கிறது. சேலைக்கு ரவிக்கைத் துணி பொருந்துகிறதா என்று வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்துதானே பார்க்கிறோம்? கலந்த அளவை 20:3:1 என்று எழுதி வைத்தார்கள். விகிதப் பாடம் அன்று தானாக நடந்தது.

இனி என் தவறு. கலத்தின் இறக்கையில் பழுப்புப் பட்டை தீட்ட வேண்டும். பொறுப்பேற்ற மாணவன் பாசிப்பச்சையைத் தீட்டி வைத்திருந்தான். புட்டியின் மேல் தாள் கிழிந்திருந்தது. "கண்ணை எங்கே வைத்திருந்தாய்?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் மெதுவாகச் சொன்னான்: "ரெண்டும் ஒண்ணாத்தானே டீச்சர் இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் அம்மாவிடம் பேசினேன். "என் தம்பியும் இப்படித்தான் டீச்சர். செடியில எது பழுத்த மிளகாய்னு கேட்டா தெரியாது" என்றார். தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே குறை. எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து மகனுக்கு வரும் பண்பு என்று பாடம் நடத்தும் நான், என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவனைக் கவனிக்கவில்லை. கண் மருத்துவர் இஷிஹாரா அட்டைகளைக் காட்டிச் சோதித்து, சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு என்று உறுதி செய்தார். எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் வழக்கமான பார்வைச் சோதனையில் இது தெரியவராது.

அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இந்தக் குறைபாடு இருந்தது. 1794இல் தன் பார்வையைப் பற்றி அவரே அறிஞர் அவையில் கட்டுரை படித்தார். அவரும் நம்மைப் போல் ஆசிரியராக இருந்தவர். இதை அவனிடம் சொல்லி, வகுப்பின் முன்னாலேயே மன்னிப்பும் கேட்டேன். குறைபாட்டை மட்டும் அங்கே சொல்லவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவன் விருப்பம். சாம்பல் நிறத்தின் அடர்த்தி வேறுபாட்டை எங்கள் எல்லாரையும்விட நுட்பமாகப் பிரித்தவன் அவன்தான். நிலவின் தரை முழுவதையும் அவனே தீட்டினான்.

உங்களிடம் கேட்பது சிறிதுதான். வண்ணப் புட்டிகளிலும் கிரேயான்களிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள். வரைபடத்தில் நிறத்தோடு கோடு, புள்ளிகளையும் சேருங்கள். லிட்மஸ் சோதனையில் நிறமாற்றத்தை வாயாலும் சொல்லுங்கள். ஒரு பிள்ளை நிறத்தைத் திரும்பத் திரும்ப மாற்றிச் சொன்னால், தனியே அழைத்துப் பேசி, கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். ரயில் ஓட்டுநர் போன்ற பணிகளுக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. பல ஆண்டுகள் கனவு கண்ட பிறகு தேர்வறையில் தெரிந்துகொள்வதைவிட, நம் வகுப்பறையில் தெரிந்துகொள்வது நல்லது.

இறக்கையில் அந்தப் பச்சைப் பட்டையை நாங்கள் மாற்றவில்லை. அது கற்பனைக் கலம்தானே! அதில் எந்த நிறமும் தவறில்லை.